எரிமலை மிதந்து வந்த காலை

அச்சுவேலியில் எரிமலை இருக்கிறது என்று ஒரு காலத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நான். இதை நீங்கள் என் வாயாலேயே கேட்டுவிடுவது நல்லது. கல்லையும் நிலத்தடித் தண்ணீரையும் ஆராய்கிற இந்தக் கந்தோரில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். கொஞ்ச நாளில் யாராவது இதை உங்களுக்குச் சொல்லத்தான் போகிறார்கள். அவர்கள் சொல்லும்போது நான் கிணற்றுக்குள் விழுந்ததாகவும் சேர்த்துச் சொல்வார்கள். விழவில்லை. எட்டிப் பார்த்ததோடு சரி.

உங்களைப்போல நானும் புதிதாக இருந்த காலம். சோதனைக்குத் தண்ணீர் மாதிரி எடுக்க அங்கே ஒரு தோட்டத்துக்குப் போனேன். கிணற்றடியில் கந்தக மணம், வெடி கொளுத்திய இடம்போல. தொட்டியில் கை வைத்தால் வெந்நீர். சுற்றிலும் திராட்சைப் பந்தல்கள். பந்தலின் நிழலில் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். காலுக்குக் கீழே, சுண்ணாம்புக்கல்லுக்கும் கீழே, ஏதோ ஒன்று மெல்ல மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. சத்தியமாகக் கேட்டது. அன்றைக்கே அறிக்கை எழுதினேன்: நிலத்தடியில் எரிமலை சார்ந்த வெப்ப மூலம் இருக்க இடமுண்டு.

எங்கள் கந்தோர்ப் பெரியவர் அதை வாசித்தார். அடுத்த நாள் என் மேசையில் ஒரு குலை திராட்சை இருந்தது.

"அந்தத் தோட்டத்துப் பழம்தான்," என்றார். "பந்தலுக்குக் கந்தகத் தூள் அடிக்கிறவை. அடிச்சுப்போட்டு மெசினைக் கிணத்தடியிலை கழுவுறவை. தொட்டிக்கு வாற கறுத்தக் குழாய் நாள் முழுக்க வெயிலிலை கிடக்குது. நீர் ஆரிட்டையும் கேட்டனீரோ?"

நான் கேட்கவில்லை. எரிமலையே வந்துவிட்ட பிறகு யாரிடம் என்ன கேட்பது?

"பழம் நல்ல இனிப்பு. சாப்பிடும்," என்றுவிட்டுப் போனார். அந்த மனிதர் அதற்குமேல் எனக்கு ஒன்றும் படிப்பிக்கவில்லை. நானும் அதற்குமேல் ஒன்றும் படிக்கவில்லை என்பதற்குத்தான் இனிச் சொல்லப்போகும் கதை.

ஏன் எனக்கு இப்படி ஒரு பைத்தியம் என்று கேட்பீர்கள். நான் பிறந்து வளர்ந்து, ஐம்பத்தைந்தில் ஓய்வெடுக்கும்வரை உத்தியோகம் பார்த்தது, ஒரு குன்றுகூட இல்லாத இந்தக் குடாநாட்டில். எங்கள் கல் சுண்ணாம்புக்கல். செத்த சிப்பியும் பவளமும் கடலடியில் படிந்து படிந்து உண்டானது. பொறுமையான கல். மழையைக் குடித்து வைத்துக்கொண்டு கிணற்றில் கேட்டபோது கொடுக்கும். யாரையும் திடுக்கிட வைக்காது. அப்படிப்பட்ட கல்லோடு நான் முப்பது வருடம் ஒழுங்காகக் குடும்பம் நடத்தினேன். மனம் மட்டும் ஜாவாவுக்கும் சுமாத்திராவுக்கும் நடுவில் ஒரு கடற்பள்ளத்தில் கிடந்தது.

கிரக்கத்தோவா. பெயரைச் சொல்லும்போதே தொண்டைக்குள் கல் உருளும். எப்போதோ அங்கே ஒரு பெரிய மலை இருந்திருக்கிறது. அது வெடித்து, வயிற்றில் இருந்த குழம்பெல்லாம் வெளியே போக, தாங்க ஒன்றுமில்லாமல் தன் கூரையோடு தனக்குள்ளேயே இடிந்து விழுந்தது. அப்படி விழுந்த பெரும் பள்ளத்தைத்தான் கல்டெரா என்கிறோம். கடல் உள்ளே வந்து நிரம்பியது. விளிம்பு மட்டும் உடைந்த பானையின் வாயைப்போலத் தீவுத் துண்டுகளாக வெளியே நின்றது. பிறகு அந்தத் துண்டுகளின் நடுவே புதிய கூம்புகள் எழுந்து, ஒன்றோடொன்று ஒட்டி ஒரு தீவாயின. 1883இல் அந்தத் தீவும் போனது. ஒரு கூம்பைக் கத்தியால் பாதி வெட்டியது போல மிச்சம் வைத்துவிட்டுப் போனது. அந்தச் சத்தம் இலங்கையிலும் கேட்டதாக எழுதி வைத்திருக்கிறார்கள். பிறகு நாற்பது சொச்சம் வருடம் கடல் ஒன்றும் தெரியாதது போலக் கிடந்தது. பிறகு அதே பள்ளத்தின் நடுவில் தண்ணீர் கொதித்து, ஒரு குட்டித் தீவு தலையை நீட்டியது. அங்கத்தைய மக்கள் அதற்குப் 'பிள்ளை' என்று பெயர் வைத்தார்கள். பிள்ளையும் வளர்ந்து, 2018இல் ஒரு பக்கம் சரிந்து கடலில் விழுந்து, அலை எழுப்பி ஆட்களைக் கொன்றது.

இதெல்லாம் நான் புத்தகத்தில் கண்டது. நேரில் ஓர் எரிமலையையும் பார்த்ததில்லை. ஆனாலும் பின்னேரங்களில் அரியாலைக் கடல்நீரேரிக் கரையில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நிற்பேன். கொழும்புத்துறைப் பக்கம் சூரியன் இறங்கும்போது மேகம் குவிந்து எழும்பினால் எனக்கு அது சாம்பல் தூண். கீழே சிவப்பு பரவும். இறால் பிடிக்க இறங்கி நிற்பவர்கள் குழம்புக்குள் நடப்பது போலத் தெரிவார்கள். வீட்டுக்குப் போனால் மனைவி கேட்பாள், "இண்டைக்கும் வெடிச்சதோ?" ஓம் என்பேன்.

ஓய்வுக்கு முந்தைய வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. வடமராட்சி கிழக்கில் ஒரு கடற்கரைக் கிராமம். கிணறுகளில் உவர் ஏறுகிறது என்று அங்கே போய் வந்திருந்தேன். அங்கே கரைவலைத் தோணி வைத்திருக்கும் சம்மாட்டி இராசலிங்கம்தான் கதைத்தார்.

"சேர், கடல் மூடிக் கிடக்கு."

"என்னத்தாலை, அண்ணை?"

"கல்லாலை."

"கடலுக்கு அடியிலை கல்லு இருக்கிறது வழமைதானே."

"அடியிலை இல்லை, சேர். மேலை."

சேட்டுப் பொத்தானை மாறிப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். கொடிகாமம் தாண்டியபிறகுதான் தெரிந்தது. திருத்த மனமில்லை. நின்றால் அது போய்விடும் என்று பயம்.

போகவில்லை. எனக்காகவே காத்திருந்தது போலக் கிடந்தது. கரையிலிருந்து கண் எட்டும் தூரம் வரைக்கும் கடல் சாம்பல் வெள்ளை. அலை இல்லை. கரைக்கு வரவேண்டிய அலை அந்தப் போர்வைக்குக் கீழே மெல்ல எழும்பித் தாழ்ந்தது, படுத்திருக்கும் ஒருவரின் நெஞ்சு போல. சத்தம் மட்டும் இருந்தது: அரிசியைச் சுளகில் புடைக்கிற மாதிரி, கடல் முழுவதும், ஓயாமல். கடற்பறவைகள் தண்ணீர்மேல் நடந்து திரிந்தன. நான் சப்பாத்தோடு முழங்கால்வரை இறங்கினேன். கற்கள் காலைச் சுற்றி விலகி, திரும்ப வந்து முட்டின. கை நிறைய அள்ளினேன். பாரமே இல்லை. நுரைக்கல். கொதிக்கும் குழம்பு வானத்துக்குப் பீய்ச்சியடித்தபோது உள்ளே இருந்த வாயு நுரைத்து, நுரையாகவே இறுகிய கல். முப்பது வருடம் நான் கனவில் பார்த்த மலை, துண்டு துண்டாக, வடமராட்சிக்கு நடந்து வந்திருக்கிறது.

ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தேன். எங்கள் தொழிலில் அது பிழையான பழக்கமல்ல. கரையில் நின்ற பெண்கள் அப்படி நினைக்கவில்லை.

"சேர் காலமைச் சாப்பாடு இல்லாமல் வந்திட்டார் போலை," என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் பெயர் தவமலர். அவளைப் பற்றிய மற்றதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. முதல் நாள் கோயில் திருவிழா என்பதால் மற்றவர்கள் தொழிலுக்குப் போகவில்லை. அவளுடைய புருஷன் சிறிதரன் மட்டும் விடியப் புறத்தில் தன் பிளாஸ்டிக் படகோடு தனியாகப் போயிருந்தான். போகும்போது கல் இல்லை. அவன் திரும்பும் நேரமாகிவிட்டது என்று அவள் கடலைப் பார்த்தபடி நின்றாள். இன்னும் கவலைப்படவில்லை. கவலைப்படுகிறவள் என்னைப் பகிடி பண்ணியிருக்க மாட்டாள்.

இராசலிங்கம் என்னைத் தண்ணீரிலிருந்து கூப்பிட்டார். கரையில் ஊர்ச்சனம் கூடிவிட்டது.

"சேர், எங்களுக்கு ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. தொழிலுக்குப் போகலாமோ? இதாலை ஏதும் ஆபத்து இருக்கோ?"

தம்பிமார், தங்கச்சிமார், இங்கே கொஞ்சம் நில்லுங்கள். இதைவிடத் தெளிவான கேள்வி என்னுடைய உத்தியோக காலத்தில் என்னிடம் கேட்கப்படவில்லை. போகலாமா, கூடாதா. ஒரு நல்ல மனிதர் என்ன செய்திருப்பார்? 'கடலில் யாரும் இருக்கிறார்களா' என்று முதலில் கேட்டிருப்பார். நான் கவிழ்த்து வைத்திருந்த ஒரு வள்ளத்தின்மேல் ஏறி நின்று, பல்லாயிரம் வருடத்துக்கு முன்னால் தொடங்கினேன்.

எங்கள் தொழில்காரர் மட்டும் செய்யும் பிழை இது. வைத்தியரிடம் காய்ச்சலா என்று கேட்டால் அவர் கையைப் பிடித்துப் பார்ப்பார். புவிச்சரிதவியலாளனிடம் கல் விழுமா என்று கேட்டால் அவன் அந்தக் கல் எப்படிப் பிறந்தது என்று தொடங்குவான். எங்களுக்கு எல்லாவற்றுக்கும் தொடக்கம் வேண்டும். முடிவு வரும்போது கேட்டவர் கல்லுக்குக் கீழே இருப்பார்.

நான் நன்றாகத்தான் பேசினேன். அதுதான் கெடுதல். அந்தக் காலையும், அந்தக் கடலும், கையில் அந்தக் கல்லும் சேர்ந்து எனக்கு வாய் வந்துவிட்டது. முதல் மலை இடிந்ததைச் சொன்னேன். கூம்புகள் வளர்ந்ததைச் சொன்னேன். 1883இல் வானம் இருண்டதைச் சொன்னபோது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அந்தக் கல்தான் இது என்றேன். எந்த மலையின் கல் என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. ஆசை சொல்ல வைத்தது.

"நெருப்பாலை செத்தவை கொஞ்சப் பேர்தான்," என்றேன். "அலையாலை செத்தவைதான் மிச்சம் எல்லாரும்."

முன்வரிசையில் நின்ற ஒரு கிழவர் கேட்டார்: "அந்த அலை எவ்வளவு உயரம், சேர்?"

சுற்றிப் பார்த்தேன். "உந்தப் பனை நிக்குதே, அதிலை ரெண்டை ஒண்டுக்கு மேலை ஒண்டு வைச்சுப் பாருங்கோ," என்று கையை நீட்டினேன்.

எல்லோரும் திரும்பிப் பனையைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் ஒன்றாகத் திரும்பிக் கடலைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கடல் தன் போர்வையோடு ஒருமுறை கொஞ்சம் உயர்ந்து தாழ்ந்தது.

அந்தக் கரையில் சுனாமி தொடாத வீடு இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தபடியேதான் பனையைக் காட்டினேன்.

யார் முதலில் கத்தியது என்று தெரியவில்லை. மணல் அதிர்ந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, சைக்கிளைப் போட்டுவிட்டு, வாடிகள் என்கிற கரைக் குடில்களுக்குள் உலையைக் கொதிக்க விட்டுவிட்டு, ஊரே பெரிய ரோட்டுப் பக்கம் ஓடியது. இப்போது நான் வெட்கப்படவேண்டிய இடம். நானும் ஓடினேன். அலை வராது என்பதற்கான எல்லா நியாயமும் என் தலைக்குள் இருந்தது. கால்கள் தலையிடம் கேட்கவில்லை. ஒரு சப்பாத்து மணலில் கழன்றது. பின்னால் இராசலிங்கத்தின் குரல் கேட்டது: "சேர், கெதியா!" "ஓமண்ணை!" என்று இன்னும் கெதியாக ஓடினேன். என்னுடைய பேச்சைக் கேட்டுப் பயந்து ஓடிய கூட்டத்தில் நானே முன்னுக்கு நின்றேன்.

ரோட்டடியில் ஒரு பள்ளிக்கூடம். சனம் அங்கே நிறைந்தது. உழவு இயந்திரப் பெட்டியில் கிழவிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் தண்ணீர்க் குழாயடியில் குந்தினேன். அப்போதுதான் கையில் இன்னும் ஒரு கல் இருப்பதைக் கண்டேன். வழியெல்லாம் இறுக்கிப் பிடித்திருக்கிறேன். அதன் அடிப்பக்கம், தோணிகளின் அடியில் ஒட்டி வளருமே, அதுபோல வெள்ளைச் சிப்பிகள். சுண்டுவிரல் நகத்தளவு பெரியவை. அவ்வளவு வளர வேண்டுமானால் அந்தக் கல் மாதக்கணக்காகக் கடலில் மிதந்திருக்க வேண்டும்.

குழாயடியில் தண்ணீர் சொட்டியது. நான் யோசிக்கத் தொடங்கினேன். காலையில் செய்திருக்க வேண்டிய வேலை. அலை ஒரு பகலுக்குள் சமுத்திரத்தைக் கடந்துவிடும். கல் மாதக்கணக்காக ஆடி அசைந்து வரும். கல் வந்து சேர்ந்துவிட்டது என்றால், அந்த வெடிப்பில் அலை ஒன்று எழும்பியே இருந்தாலும், அது எப்போதோ வந்து போயிருக்க வேண்டும். இதைச் சொல்ல எனக்கு இரண்டு வசனம் போதும். நான் ஒரு மலையையே கட்டி இடித்திருக்கிறேன்.

எழும்பிச் சொல்லப் போன நேரம் தவமலர் வந்தாள். கடற்கரைப் பக்கமிருந்து தனியாக நடந்து வந்தாள். அவள் ஓடியிருக்கவில்லை. சுனாமியில் அவளுடைய தாயைக் கடல் கொண்டு போனது என்று பிறகு சொன்னார்கள். அவள் நின்றிருக்கிறாள், கையில் போனோடு.

"இவர் போன் எடுத்தவர்," என்றாள் இராசலிங்கத்திடம். "எஞ்சின் சூடாகி நிண்டிட்டுதாம். தண்ணி இழுக்கிற ஓட்டைக்கை கல்லு அடைச்சுப்போச்சாம். சுத்திவரக் கல்லு, அசைய ஏலாதாம். போன் டவர் மட்டும் தெரியுதாம், கரை தெரியேல்லையாம். நீரோட்டம் வடக்காலை இழுக்குதாம். பிறகு போன் நிண்டிட்டுது. ஆரும் போங்கோ அண்ணை."

ஒருவரும் அசையவில்லை. கந்தோர்கள் எல்லாம் பூட்டிய ஞாயிற்றுக்கிழமை. வடக்கே இழுத்தால் பின்னேரத்துக்குள் அவன் டவரும் தெரியாத தூரம் போய்விடுவான். அதற்கு அங்கால் இன்னொரு நாட்டின் கடல். அதெல்லாம் அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். போகத் தெரிந்தவர்களும் அவர்கள்தான். ஆனால் அவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

பாருங்கள், எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் இல்லாத பெரிய ஆபத்தைக் காட்டி, இருந்த சின்ன ஆபத்துக்கு உதவி செய்யக் கூடியவர்களை எல்லாம் கரையிலிருந்து கலைத்துவிட்டேன். கல் எஞ்சினை அடைக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. எங்கோ வாசித்திருக்கிறேன். ஆனால் கனவில் எஞ்சின் வருவதில்லை. மலைதான் வருகிறது.

தவமலர் எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சேர், அலை வருமோ, வராதோ?"

"தங்கச்சி, விஞ்ஞான ரீதியாப் பாத்தா அதுக்கான சாத்தியம் மிச்சம் குறைவு. ஆனால்..."

"ஆனால் எண்டால் உவை வெளிக்கிடமாட்டினம். வருமோ, வராதோ? ஒரு சொல்லிலை சொல்லுங்கோ."

ஆனால் என்ற சொல்லை வைத்துத்தான் நான் முப்பது வருடம் சம்பளம் எடுத்தேன். நீங்களும் எடுப்பீர்கள். தண்ணீர் நல்லது, ஆனால். இந்த இடத்தில் தோண்டலாம், ஆனால். அது எங்களுக்குக் குடை. மழை பெய்யாவிட்டாலும் பிடித்துக்கொண்டு திரிவோம். இங்கேயும் ஆனால் பொய்யல்ல. இந்தக் கல்லோடு சம்பந்தமில்லாமல் கடல் எந்த நாளும் எழும்பலாம். யார் அதற்குப் பிணை நிற்பது? ஆனால் அவள் கேட்டது கடலின் குணத்தைப் பற்றி அல்ல. இந்தக் கல்லைப் பற்றி, இன்றைக்கு, தன் புருஷனை எடுத்துவர ஆட்கள் போகலாமா என்று. அதற்கு எனக்கு மறுமொழி தெரியும். தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொல்லாமல் குடைக்குள் நிற்பது பொய்யைவிட மோசம் என்று அந்தக் குழாயடியில் எனக்குத் தோன்றியது.

"வராது," என்றேன். "அலை ஒரு நாளிலை வந்திடும். இந்தக் கல்லு மாசக்கணக்கா வந்திருக்கு. அலை வாறதெண்டால் எப்பவோ வந்திருக்கும்."

சிப்பி ஒட்டிய அடிப்பக்கத்தைக் காட்டினேன். இராசலிங்கம் கல்லைப் பார்க்கவில்லை. என்னுடைய சப்பாத்தில்லாத காலைப் பார்த்தார்.

"வராதெண்டால் நீங்கள் ஏன் ஓடினனீங்கள், சேர்? நான் பாத்தனான். எனக்கு முன்னாலை ஓடினனீங்கள்."

"பயத்திலை, அண்ணை."

"ஆர் சொல்லிப் பயம்?"

"நான் சொல்லித்தான்."

யாரோ ஒருவன் சிரித்தான். பிறகு பெட்டியில் இருந்த கிழவிகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மற்றவர்களுக்கும் பரவியது. என் வாழ்க்கையில் என்னைப் பார்த்துச் சிரித்ததால் எனக்குச் சந்தோசம் வந்தது அந்த ஒரு தடவைதான்.

"எஞ்சின் போட் கொண்டு போகாதேங்கோ," என்றேன். "அதுக்கும் உதே கதிதான். தண்டு வலிக்கிற தோணி வேணும்."

"என்ரை கரைவலைத் தோணி கிடக்கு," என்றார் இராசலிங்கம். "நீங்களும் ஏறுங்கோ. முன்னுக்கு இருங்கோ."

"எனக்கு நீந்தத் தெரியாது, அண்ணை."

"நல்லதாப் போச்சு. அப்ப நீங்கள் பொய் சொல்லியிருக்கமாட்டியள்."

தோணியைத் தள்ளினார்கள். நான் தோணியின் முன்முனையில், முன்னணியத்தில், ஒற்றைச் சப்பாத்தோடு இருந்தேன். கரை விலகியது. பிறகு நடந்ததை உங்களுக்கு எப்படிச் சொல்வது? தண்டுத் துடுப்பு தண்ணீரில் விழும் சத்தம் இல்லை; கல்லுக்குள் இறங்கும் சரசரப்புத்தான். தோணி ஓடவில்லை, உழுதுகொண்டு போனது. பின்னால் கறுப்பாக ஒரு நீர்வழி திறந்து, கொஞ்ச நேரத்தில் கற்கள் கூடி அதை மூடின. வெயில் ஒவ்வொரு கல்லின் நுண்ணிய கண்ணாடித் துளைகளிலும் பட்டுச் சிதறியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கையை வெளியே விட்டேன். விரல்களுக்கிடையே ஒரு மலை ஊர்ந்தது. நெருப்பாக எழும்பி, நுரையாக இறுகி, எந்தத் தீவின் வயிற்றிலிருந்தோ புறப்பட்டு, தனக்கென்று ஒரு சிப்பிக் குடித்தனத்தையும் சுமந்துகொண்டு, அவசரமில்லாமல் மிதந்து வந்த மலை. அந்த மலையின் மேல் நான் தோணியில் போய்க்கொண்டிருந்தேன். காலையில் வள்ளத்தின்மேல் நின்று கத்தியபோது இது எனக்குத் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தபோதுதான் தெரிந்தது.

இராசலிங்கம் டவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்து வழி சொன்னார். கரை மறைந்தது. பனைகளின் தலை மறைந்தது. எல்லாத் திசையும் ஒரே சாம்பல். அந்த இடத்தில் பயம் எனக்குத் திரும்ப வந்தது. அலைப் பயம் அல்ல. அவனைக் காணாமல் திரும்பி, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டி வருமோ என்ற பயம். தண்டு வலித்தவர்கள் கூப்பிட்டார்கள். கற்களின் சரசரப்பு மட்டும் மறுமொழி சொன்னது. வடக்கே திரும்பி வலித்தார்கள். திரும்பவும் கூப்பிட்டார்கள்.

"இஞ்சை!" என்று எங்கோ ஒரு குரல்.

சிறிதரன் சேட்டைக் கழற்றித் தலையில் போட்டுக்கொண்டு படகில் இருந்தான். எஞ்சினைத் தூக்கி வைத்திருந்தான். உதடு வெடித்திருந்தது. எங்களைக் கண்டதும் அவனுக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது.

"கரையிலை என்ன, எல்லாரும் செத்துப்போட்டியளோ? எத்தினை பேருக்குப் போன் அடிச்சனான்! மனிசியைத் தவிர ஒருத்தரும் எடுக்கேல்லை."

"ஊர் ஓடிட்டுது," என்றார் இராசலிங்கம்.

"ஏன்?"

தண்டு வலித்தவர்கள் அத்தனை பேரும் முன்னணியத்தைப் பார்த்தார்கள்.

"அது ஒரு பெரிய கதை, தம்பி," என்று தொடங்கினேன்.

"சுருக்கிச் சொல்லுங்கோ, சேர்," என்றார் இராசலிங்கம். தண்டை அவர் பிடித்திருந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

"நான் தேவையில்லாமல் கதைச்சுச் சனத்தைப் பயப்படுத்திப்போட்டன்," என்றேன். கிரக்கத்தோவாவின் வரலாற்றை நான் ஒரே வசனத்தில் சொல்லி முடித்தது அன்றைக்குத்தான்.

சிறிதரன் தலையில் கிடந்த சேட்டை எடுத்துப் போட்டுக்கொண்டான். பிறகு கயிற்றை எறிந்தான். கட்டி இழுத்துக்கொண்டு திரும்பினோம். அவனுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். போத்தலை முடித்துவிட்டு, ஒரு கல்லை எடுத்து மணந்து பார்த்து, திரும்பக் கடலில் வைத்தான், எறியாமல்.

கரையில் சனம் திரும்பி வந்து நின்றது. தவமலர் இடுப்பளவு தண்ணீரில், கற்களுக்கு நடுவில் நின்றாள். படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கரைவரை கூடவே நடந்து வந்தாள். கரையில் ஏறியதும் அவன் முதுகில் ஓங்கி ஓர் அடி போட்டாள். பிறகு அந்த இடத்தையே தடவிவிட்டாள்.

பின்னேரம் வாடியில் எனக்குத் தேத்தண்ணி தந்தார்கள். யாரோ என் சப்பாத்தையும் எடுத்து வைத்திருந்தார்கள். சிறிதரன் ஒரு மூலையில் நித்திரை. கடல் இன்னும் அரிசி புடைத்துக்கொண்டிருந்தது. எனக்கு மனம் நிறைந்திருந்தது; ஒரு சொல்லைத் துணிந்து சொன்னேன், ஒரு மனிதன் வீடு வந்து சேர்ந்தான், பிழையைச் சரிக்கட்டியாயிற்று என்று எனக்குள் ஒரு கணக்கு. மனம் நிறைந்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது. பலகாரத் தட்டோடு வந்த தவமலரைப் பார்த்துச் சொன்னேன்:

"பாத்தியளோ தங்கச்சி, நான் சொன்ன மாதிரி அலை வரேல்லைத்தானே."

தட்டை எனக்கு முன்னால் வைத்தாள்.

"அலை வராததுக்கு நீங்கள் காரணமில்லை, சேர். சனம் ஓடினதுக்கு நீங்கள்தான் காரணம்."